சொகுசு ரயிலில் கொலை: படிக்கும்போதும் எழுதும்போதும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சொகுசு ரயிலில் கொலை என்றதும் வெல்வெட் இருக்கையும் பித்தளை விளக்கும்தான் பலருக்கு நினைவுக்கு வரும். அதெல்லாம் அலங்காரம். கதையை நகர்த்துபவை கதவு, பூட்டு, படுக்கைப் பெட்டியைக் கவனித்துக்கொள்ளும் கண்டக்டர், நேர அட்டவணை. இவற்றைத் தாண்டிப் படித்துவிட்டுப் போவதுதான் முதல் தவறு.

அகதா கிறிஸ்டியின் ‘மர்டர் ஆன் தி ஓரியண்ட் எக்ஸ்பிரஸ்’ (1934) நாவலையே எடுத்துக்கொள்வோம். கொலையாளி யார் என்று சொல்ல மாட்டேன், பயப்பட வேண்டாம். ஐரோப்பாவின் குறுக்கே ஓடிய அந்த ரயில் முழுக்கப் பணக்காரர்கள்தான் என்று பலர் நினைக்கிறார்கள். இரண்டாம், மூன்றாம் வகுப்புப் பெட்டிகளும் அதில் உண்டு. இரவுச் சாப்பாடு முடிந்ததும் அந்தப் பக்கம் போகும் கதவைப் பூட்டிவிடுவார்கள். சந்தேகம் ஒரே படுக்கைப் பெட்டிக்குள் சுருங்குவதற்கு இந்தப் பூட்டு முக்கியக் காரணம். அந்தப் பெட்டி இஸ்தான்புல்லில் இருந்து பிரான்ஸின் கலே துறைமுகம் வரை போவது. பெல்கிரேடில் ஏதென்ஸிலிருந்து வரும் பெட்டி வந்து சேர்கிறது. ஆக, ஓரியண்ட் எக்ஸ்பிரஸ் என்பது வழிநெடுகப் பெட்டிகள் சேர்ந்து பிரியும் ஓர் ஏற்பாடு.

பெட்டியின் ஓரமாக நீளும் நடைவழியின் கோடியில் கண்டக்டர் உட்கார்ந்திருப்பார். அறையை விட்டு யார் வெளியே வந்தாலும் அவர் கண்ணில் பட வாய்ப்புண்டு. எல்லையில் பயணிகளின் தூக்கம் கெடக் கூடாது என்று பாஸ்போர்ட்டுகளை அவரே வாங்கி வைத்துக்கொள்வது வழக்கம். பணக்காரர்களுக்குச் செய்த இந்தச் சேவைதான் துப்பறிபவருக்கும் கை கொடுக்கிறது. விசாரணை தொடங்கும்போதே எல்லாருடைய பாஸ்போர்ட்டும் ஒரே இடத்தில் இருக்கிறது!

‘ரயில் பனியில் சிக்குவதெல்லாம் கதைக்குத்தான்’ என்று ஒதுக்குவதும் தவறு. 1929-இன் தொடக்கத்தில் துருக்கியின் செர்கெஸ்கோய் அருகே அந்த ரயில் நாட்கணக்கில் பனியில் மாட்டிக்கொண்டது. 1931 டிசம்பரில் கிறிஸ்டியே அதில் வந்தபோது வெள்ளத்தால் பயணம் தடைப்பட்டது. அப்புறம், இந்த நாவலை வைத்து 2017-இல் எடுத்த திரைப்படத்தில் வரும் பெரிய பனிச்சரிவு நாவலில் கிடையாது. யூகோஸ்லாவியாவில் வின்கோவ்சியைத் தாண்டியதும் பனி குவிந்து வண்டி நின்றுபோகிறது, அவ்வளவுதான். ஆனால் அதனால் போலீஸ் வர முடியவில்லை. தந்தி அடித்து யாருடைய வாக்குமூலத்தையும் சரிபார்க்க வழியில்லை. வெளியே பனியில் காலடித் தடமும் இல்லை.

சரி, ரயில் கதை என்றால் வண்டி நின்றே ஆக வேண்டுமா? இல்லை. 1928-இல் வந்த ‘தி மிஸ்டரி ஆஃப் தி ப்ளூ டிரெய்ன்’ நாவலில் கலேயில் இருந்து பிரான்ஸின் தென் கடற்கரையான ரிவியேராவுக்குப் போகும் வண்டி ஓடிக்கொண்டேதான் இருக்கிறது. அதனால் விசாரணை பெட்டியைத் தாண்டி ஊர்களுக்குள் விரிகிறது. பாரிஸின் லியோன் நிலையத்தில் வண்டி நிற்கும் நேரத்துக்கு அங்கே பெரிய மதிப்பு. கிறிஸ்டிக்கே பிடிக்காத நாவல் இது. எனக்கும் ரயிலை விட்டு இறங்கியதும் சுவாரசியம் குறைந்துவிடுகிறது.

பெயர்க் குழப்பம் வேறு. 1883-இல் பாரிஸில் புறப்பட்ட முதல் ஓரியண்ட் எக்ஸ்பிரஸ் ஒன்று. கிறிஸ்டியின் கதை நடப்பது 1919-இல் தொடங்கிய சிம்ப்ளான் ஓரியண்ட் எக்ஸ்பிரஸில். இன்று விளம்பரங்களில் மின்னும் வெனிஸ் சிம்ப்ளான் ஓரியண்ட் எக்ஸ்பிரஸோ பழைய பெட்டிகளைப் புதுப்பித்து 1982-இல் தொடங்கியது.

நீங்களே ஒரு ரயில் கொலை எழுதப் போகிறீர்கள் என்றால் முதலில் பெட்டியின் வரைபடத்தைப் போடுங்கள். கிறிஸ்டியின் நாவலிலேயே அப்படி ஒன்று அச்சாகியிருக்கிறது. எந்த அறைக்கும் எந்த அறைக்கும் நடுவே கதவு, தாழ்ப்பாள் எந்தப் பக்கம், கண்டக்டர் எப்போது எழுந்து போகிறார் என்று குறித்துக்கொள்ளுங்கள். ரயில் எல்லை தாண்டினால் கடிகாரத்தை மாற்ற வேண்டிவரும் என்பதையும் விட்டுவிடாதீர்கள். பல்கேரிய எல்லையில் மாறும் அந்த ஒரு மணி நேரத்தைக்கூடக் கிறிஸ்டி வீணாக்கவில்லை.