அறுபதுக்கு மேல் தாளடி போடுவது எப்படி

குறுவை அறுத்த வயலை நம் காவிரி டெல்டாவில் யாரும் சும்மா போட்டு வைப்பதில்லை. தாள் மடிவதற்குள் தண்ணீர் கட்டி, உழுது, தாளடி என்கிற அடுத்த போகத்தை நட்டுவிடுவோம். ஆனால் குறுவைக்குப் போட்ட அதே 110 நாள் ரகத்தை மறுபடி கொண்டுவந்து போட மாட்டோம்; ஐப்பசி மழையைத் தாங்கி 130, 135 நாள் நிற்கிற ரகமாகப் பார்த்து எடுப்போம். இவ்வளவும் தெரிந்த டெல்டாக்காரர்கள், தங்கள் உடம்பு என்று வரும்போது மட்டும் அறுபது முடிந்ததும் "இனிமே என்ன இருக்கு" என்று ஈசிசேரில் சாய்ந்துவிடுகிறார்கள். இல்லாவிட்டால் நாற்பது வயதுக்காரர் மாதிரி முதல் நாளே எட்டு கிலோமீட்டர் நடந்துவிட்டு, முட்டியைப் பிடித்துக்கொண்டு வாரம் முழுக்கப் படுத்திருக்கிறார்கள். இரண்டும் வேண்டாம். இது அறுபதைத் தாண்டியவர்களுக்காக எழுதியது. "நீங்க சும்மா உட்காருங்கப்பா, நாங்க பாத்துக்குறோம்" என்று சொல்கிற பிள்ளைகளும் படிக்கலாம்.

முதலில் ஒரு சோதனை. கைப்பிடி இல்லாத, ஆடாத நாற்காலி ஒன்றைச் சுவரை ஒட்டிப் போட்டு உட்காருங்கள். கைகளை மார்பில் குறுக்கே கட்டிக்கொண்டு அரை நிமிடத்தில் எத்தனை முறை முழுதாக எழுந்து நின்று உட்கார முடிகிறது என்று பேரனையோ பேத்தியையோ எண்ணச் சொல்லுங்கள். 65 முதல் 69 வயதுக்குள் இருக்கும் ஆண்களுக்கு 12, பெண்களுக்கு 11 என்பதற்குக் கீழே போனால் தொடையில் பலம் குறைந்திருக்கிறது, கீழே விழும் ஆபத்து கூடியிருக்கிறது என்று அர்த்தம். 70 முதல் 74 வரை என்றால் ஆண்கள் 12, பெண்கள் 10. எண்ணிக்கை குறைவு என்றால் பயப்பட ஒன்றுமில்லை, ஏனென்றால் சோதனையேதான் மருந்தும்.

சர்க்கரை, பிரஷர், கொழுப்பு என்று எல்லாவற்றுக்கும் பரிசோதனை செய்கிறோம், ஆனால் தொடைச் சதையை யாரும் கவனிப்பதில்லை. நடுத்தர வயதிலிருந்தே சதை கரைய ஆரம்பிக்கிறது, அறுபதுக்கு மேல் வேகமாகக் கரைகிறது, அதை மட்டுப்படுத்துவது முதலில் உழைப்புதான். நம் முன்னோர்கள் இதற்கென்று தனியாக எதுவும் செய்யவில்லை. பாயில் படுத்து எழுந்தார்கள், பந்தியில் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள், குந்தி உட்கார்ந்து பாத்திரம் தேய்த்தார்கள், நாள் முழுக்கக் குனிந்து நாற்று நட்டார்கள். இப்போது நடவுக்கு மெஷின், கல்யாண மண்டபத்தில் டேபிள், கொல்லையில் இருந்த கழிப்பறை வீட்டுக்குள் நாற்காலி உயரத்துக்கு வந்தாயிற்று. இடுப்பும் முட்டியும் முழுதாக மடங்கி நிமிர்கிற வேலை என்று ஒரு நாளில் ஒன்றுகூட மிஞ்சவில்லை. பழைய காலத்துக்குத் திரும்பிப் போகச் சொல்லவில்லை. (பழைய காலத்தில் நாற்று நட்ட பெண்களின் இடுப்பு என்ன ஆயிற்று என்று அவர்களைக் கேட்டால் தெரியும்.) போன அசைவுகளை அளவோடு திரும்பக் கொண்டுவர வேண்டும், அவ்வளவுதான்.

செய்யும் விதம் இது. காலையில் காபி குடித்து அரை மணி கழித்து அதே நாற்காலியில் நுனிக்கு நகர்ந்து உட்காருங்கள். பாதம் இரண்டும் முட்டிக்கு நேர் கீழேயோ, ஒரு விரற்கடை உள்ளேயோ இருக்கட்டும், இடைவெளி தோள் அகலம். மூக்கு முட்டிக்கு மேலே வருகிற அளவுக்கு உடம்பை முன்னால் சாய்த்து, மூச்சை விட்டபடியே எழுங்கள். எழுவதைவிட உட்காருவதுதான் முக்கியம். தொப்பென்று விழாமல் மனசுக்குள் நாலு எண்ணிக்கொண்டே இறங்க வேண்டும், தொடை நடுங்கும், நடுங்கட்டும். முதல் வாரம் எட்டு முறை, கொஞ்சம் ஓய்வு, மறுபடி எட்டு. முடியாதவர்கள் நாற்காலியில் இரண்டு தலையணை போட்டு உயர்த்திக்கொள்ளலாம், கையை ஊன்றிக்கூட ஆரம்பிக்கலாம். எளிதாகிவிட்டால் தலையணையை எடுங்கள், பிறகு ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலை மார்போடு அணைத்துக்கொண்டு எழுங்கள். அப்புறம் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு குதிகாலைத் தூக்கி இறக்குவது, அதே கம்பியில் ஒரு விரல் மட்டும் தொட்டபடி ஒற்றைக் காலில் பத்து எண்ணும் வரை நிற்பது. உலக சுகாதார நிறுவனம் 65 வயதுக்கு மேற்பட்டவர்களுக்குச் சொல்லும் கணக்கு வாரத்தில் குறைந்தது 150 நிமிடம் மிதமான உழைப்பு, இரண்டு நாள் தசைக்கான பயிற்சி, மூன்று நாள் நிலை தடுமாறாமல் நிற்பதற்கான பயிற்சி. நடந்தால் மட்டும் போதும் என்று நினைப்பவர்கள் அந்தப் பின்பாதியைக் கவனிக்க வேண்டும்.

"இந்த வயசுல சதை வளருமா" என்று கேட்பவர்களுக்கு: அமெரிக்காவில் பாஸ்டனில் சராசரி 90 வயதுள்ள முதியோர் இல்லத்துவாசிகளுக்கு எட்டு வாரம் எடை தூக்கும் பயிற்சி கொடுத்துப் பார்த்தார்கள், முடிவு 1990-ல் வெளியானது. பயிற்சியை முடித்தவர்களின் தொடை பலம் சராசரியாக 174 சதவீதம் கூடியது. ஆள் எண்ணிக்கை குறைந்த சிறிய ஆய்வுதான், ஆனால் தொண்ணூறு வயதுக் கால் பயிற்சிக்குப் பதில் சொல்கிறது என்றால் அறுபத்தைந்து வயதுக் கால் சொல்லாதா?

வலியில் இரண்டு வகை உண்டு. மறுநாள் தொடையில் கடுகடு என்று இருப்பது நல்ல வலி, இரண்டு நாளில் போய்விடும். மூட்டுக்குள் குத்தினாலோ வீங்கினாலோ நிறுத்திவிட்டு டாக்டரைப் பாருங்கள். நெஞ்சில் இறுக்கம், மூச்சுத் திணறல், கண் இருட்டல் என்றால் உடனே உட்கார்ந்து 108-ஐக் கூப்பிட வேண்டியதுதான், "வாயுவா இருக்கும்" என்று ஓமத்தண்ணீர் குடித்துக்கொண்டிருக்கக் கூடாது. இதய நோய் இருப்பவர்கள், ஆபரேஷன் ஆனவர்கள் ஆரம்பிக்கும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

நடப்பதற்கு நமக்கு இடப் பஞ்சமே இல்லை. திருவாரூரில் கமலாலயக் குளத்தைச் சுற்றலாம், கும்பகோணத்தில் மகாமகக் குளக்கரை, தஞ்சாவூர்க்காரர்களுக்குப் பெரிய கோவில் பிராகாரம், எந்தச் சின்ன ஊரானாலும் கோவிலைச் சுற்றி நாலு வீதி. சித்திரை, வைகாசியில் கல் சூடாகும் முன்பே முடித்துவிடுங்கள். மழைக்காலத்தில் படித்துறைப் பக்கமே போக வேண்டாம், பாசி.

விழுவதைப் பற்றிப் பேசும்போது பாசியை விட முடியாது. ஐப்பசி, கார்த்திகையில் கொல்லைப்புறம், கிணற்றடி, துணி துவைக்கிற கல் எல்லாமே வழுக்கும். பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்க்கச் சொல்லுங்கள், பழைய தேய்ந்த ரப்பர் செருப்பைத் தூக்கிப் போடுங்கள். ராத்திரி ஒன்றுக்குப் போக எழுந்தால் சட்டென்று நிற்காமல் கட்டில் ஓரத்தில் ஒரு நிமிடம் உட்கார்ந்து காலை ஆட்டிவிட்டு எழுங்கள். பிரஷர் மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு எழுந்தவுடன் ரத்த அழுத்தம் இறங்கித் தலை சுற்றுவது சகஜம். நம் பழைய வீடுகளில் ரேழியிலிருந்து கூடத்துக்கு ஒரு படி, கூடத்திலிருந்து முற்றத்துக்கு ஒரு படி என்று எதிர்பாராத இடத்தில் தரை இறங்கும், அங்கெல்லாம் சின்ன விளக்கு எரியட்டும்.

இதில் ஒரு விஷயம் எனக்கு ஆறவே இல்லை. அறுபது முடிந்தால் திருக்கடையூரில் சஷ்டியப்த பூர்த்தி, எழுபதில் பீமரத சாந்தி, எண்பதில் சதாபிஷேகம். வேன் வைத்து, சொந்தபந்தம் கூட்டி, மண்டபம் பிடித்து, போட்டோ, வீடியோ, பட்டுப்புடவை என்று லட்சக்கணக்கில் செலவு. செய்யட்டும், எமனை உதைத்த ஊர், ஆயுள் வேண்டிப் போவதில் தப்பில்லை. ஆனால் அந்த அப்பா வீட்டுக்கு வந்து குளிக்கும் அறையில் வழுக்காத டைல்ஸ் இல்லை, பிடித்துக்கொள்ள ஒரு கம்பி இல்லை! சாப்பாட்டுக் கணக்கில் ஒரு பந்தியைக் குறைத்தால் அந்த இரண்டும் வந்துவிடும். சடங்குக்கு நாள் குறிக்கும்போதே பிளம்பருக்கும் கொத்தனாருக்கும் நாள் குறித்துவிடுங்கள்.

சாப்பாடு. டெல்டாவில் பிறந்தவனிடம் சோற்றைக் குறை என்று சொல்வது வம்பை விலைக்கு வாங்குவது. இருந்தாலும் நம் இலையைப் பாருங்கள்: குழம்புக்கு ஒரு தரம், ரசத்துக்கு ஒரு தரம், மோருக்கு ஒரு தரம் என்று மூன்று முறை சோறு, பருப்பு என்பது நெய்யோடு ஒரு கரண்டி. சதை வளர வேண்டுமானால் புரதம் வேண்டும். வயதானவர்களுக்கு உடல் எடையில் கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம் என்பது நிபுணர்கள் சொல்லும் அளவு, அதாவது 60 கிலோ ஆளுக்கு நாளுக்கு 60 கிராமுக்கு மேல். ஒரு முட்டையில் 6 கிராம், ஒரு இட்லியில் 2 கிராம்தான், கைப்பிடி வேர்க்கடலையில் 7, ஒரு கிண்ணம் கொண்டைக்கடலைச் சுண்டலில் 10-க்கு மேல். நாகப்பட்டினம் பக்கத்துக்காரர்களுக்கு மத்தியும் நெத்திலியும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. ரசத்துக்கான சோற்றைப் பாதியாக்கி அந்த இடத்தில் சுண்டலோ மீனோ வையுங்கள், மோர் சோறு இருக்கட்டும், அதில் நான் கை வைக்கவில்லை. சிறுநீரகக் கோளாறு இருப்பவர்களுக்கு மட்டும் இந்தக் கணக்கு பொருந்தாது, டாக்டர் சொல்வதுதான் அளவு. சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் பல வருடமாகச் சாப்பிடுபவர்களும் சுத்த சைவக்காரர்களும் ரத்தத்தில் வைட்டமின் பி12 அளவை ஒரு முறை பார்த்துவிடுங்கள். கால் மரமரப்பும் அசதியும் எல்லாமே வயதால் வருவதில்லை. ஊறுகாய், வத்தல், அப்பளம், கருவாடு எல்லாம் உப்பு மூட்டை. காபி குடிக்கலாம், நாலு மணிக்கு மேல் குடித்துவிட்டுத் தூக்கம் வரவில்லை என்று புலம்பக் கூடாது.

காது. கேட்கவில்லை என்றால் கருவி வையுங்கள், கண்புரை என்றால் அறுவை சிகிச்சை செய்துகொள்ளுங்கள், தள்ளிப் போடாதீர்கள். லான்செட் மருத்துவ இதழ் அமைத்த குழு 2024-ல் மறதி நோய்க்கு நாம் மாற்றக்கூடிய 14 காரணங்களைச் சொன்னது, அதில் காது கேளாமையும் சரிசெய்யாத பார்வைக் குறைவும் இருக்கின்றன. கேட்காதவர் முதலில் பேச்சைக் குறைப்பார், பிறகு விசேஷங்களுக்குப் போவதைக் குறைப்பார், வீட்டில் அதை "அப்பா இப்பல்லாம் அமைதியாயிட்டார்" என்பார்கள்.

உடம்பு ஒரு பாதி. மறுபாதி, நீங்கள் வராவிட்டால் யாராவது "ஏன் வரலை" என்று கேட்கிற மாதிரி ஒரு வேலை வைத்துக்கொள்வது. நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டு வரப்புப் பக்கமே போகாதவர்கள் சீக்கிரம் தளர்வதை எங்கள் தெருவிலேயே பார்க்கிறேன். ஒரு மா (ஏக்கரில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு) நிலமாவது கையில் வைத்துக்கொள்ளுங்கள், மாப்பிள்ளை சம்பாவோ கிச்சிலிச் சம்பாவோ போடுங்கள், திருத்துறைப்பூண்டிப் பக்கம் நெல் ஜெயராமன் தொடங்கி வைத்த வழக்கப்படி விதை வாங்கினால் இரண்டு மடங்காகத் திருப்பிக் கொடுங்கள், அடுத்த வருடம் விதை கேட்டு ஆள் வருவார்கள். நிலமில்லாதவர்கள் கோவிலில் உழவாரப் பணிக்குப் போகலாம், ஓதுவாரிடம் தேவாரம் படிக்கலாம். பாட்டில் ஆசை இருந்தும் நேரமில்லாமல் விட்டவர்கள் இப்போது தியாகராஜரின் பஞ்சரத்தினக் கீர்த்தனைகளில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு நிதானமாகக் கற்றுக்கொண்டால், மார்கழி, தை வாக்கில் வரும் திருவையாற்று ஆராதனையில் கூட்டத்தோடு சேர்ந்து பாடும்போது நீங்கள் விட்ட ஸ்வரம் யாருக்கும் தெரியப் போவதில்லை.

பெண்களின் கதை வேறு. அவர்களுக்கு ரிட்டயர்மென்டே கிடையாது, அறுபதில் பேரப்பிள்ளைகள் வந்து வேலை கூடத்தான் செய்கிறது. அவர்களைப் பார்த்து "சுறுசுறுப்பா இருங்கம்மா" என்பது அநியாயம். அவர்களுக்கு வேண்டியது வீட்டை விட்டு வெளியே ஒரு பொழுது. 2021 மே மாதத்திலிருந்து சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணமில்லை. வெள்ளிக்கிழமையோ செவ்வாய்க்கிழமையோ ஒரு நாளைத் தனக்கென்று எடுத்துக்கொண்டு, இரண்டு தோழிகளைச் சேர்த்துக்கொண்டு, ஏதோ ஒரு ஊர்க் கோவிலுக்கோ தங்கை வீட்டுக்கோ போய்விட்டு வாருங்கள். அன்றைக்குச் சமையல் மற்றவர்கள் பாடு.

படுக்கையோடு இருப்பவர்களுக்கும், நகர முடியாதவர்களுக்கும் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பிரஷர், சர்க்கரை மாத்திரை வீட்டுக்கே வரும், இயன்முறை மருத்துவரும் வருவார், ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுத்தால் போதும். முதியோருக்கான உதவி எண் 14567.

கடைசியாகப் பத்திரம். பிள்ளைகள் மீது உள்ள பாசத்தில் வீட்டையும் நிலத்தையும் செட்டில்மென்ட் எழுதிக் கொடுக்க நினைத்தால், "என்னைக் கடைசி வரை பராமரிக்க வேண்டும்" என்கிற நிபந்தனையை அந்தப் பத்திரத்திலேயே எழுதுங்கள். 2007-ம் வருடத்துப் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின் 23-வது பிரிவின்படி, நிபந்தனையை மீறினால் கோட்டாட்சியரிடம் மனு கொடுத்துப் பத்திரத்தை ரத்து செய்யக் கேட்கலாம். பத்திரம் எழுதுபவர் "அதெல்லாம் எதுக்கு சார், உங்க புள்ளைதானே" என்பார். இருந்தாலும் எழுதச் சொல்லுங்கள்.