சம்பளப் பிடித்தம் வழியே சங்கக் கடன் பாக்கியை வசூலிப்பது எப்படி?

பணியாளர் சிக்கன நாணயச் சங்கங்களில், அதாவது ஊழியர்கள் சேமிக்கவும் கடன் வாங்கவும் வைத்திருக்கும் கூட்டுறவுச் சங்கங்களில், பெரும்பாலான பாக்கிக்கு ஒரே தொடக்கம்தான்: ஏதோ ஒரு மாதம் சம்பளப் பட்டியலில் பிடித்தம் விட்டுப்போகும், அதை யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். ஆறு மாதம் கழித்துத் தணிக்கையில் தெரியவரும்போது வட்டி ஏறியிருக்கும், உறுப்பினர் வேறு ஊருக்கு மாறியிருப்பார். ஆகவே வசூல் வேலை கடன் கொடுக்கும் நாளிலேயே தொடங்கிவிடுகிறது. ஆசிரியர், போக்குவரத்துக் கழகம், மின்வாரியம், ஆலைத் தொழிலாளர் என்று நெல்லைப் பக்கம் எந்தச் சங்கமானாலும் இதே கதைதான்.

முதலில் ஒப்புதல் கடிதம். உறுப்பினரின் எழுத்துப்பூர்வ சம்மதம் இருந்தால், சங்கத்துக்குச் சேரவேண்டியதைச் சம்பளத்தில் பிடித்து அனுப்பும்படி சம்பளம் வழங்கும் அலுவலரைக் கேட்க 1983-ஆம் ஆண்டு தமிழ்நாடு கூட்டுறவுச் சங்கங்கள் சட்டம் வழி செய்கிறது. கடிதத்தில் பணியாளர் எண், கடன் எண், தொகை, வட்டி வீதம், மாதத் தவணை எல்லாம் இருக்கட்டும். கூடவே இரண்டு வாசகம் கட்டாயம்: ‘எந்த அலுவலகத்துக்கு மாறினாலும் இந்தச் சம்மதம் செல்லும்’, ‘தவணை தவறினால் பாக்கி தீரும்வரை கூடுதலாகப் பிடிக்கலாம்’. இரண்டாவது வாசகம் இல்லாத கடிதத்தை வைத்துக்கொண்டு பழைய தவணைக்கு மேல் ஒரு ரூபாய் கேட்டாலும் பில் எழுதும் உதவியாளர் மறுத்துவிடுவார். அவர் மறுப்பது சரிதான். ஜாமீன்தாரர்களிடமும் இதே கடிதத்தைத் தனித்தனியே வாங்குங்கள். மூன்று பிரதி எடுத்து ஒன்றைச் சம்பளம் வழங்கும் அலுவலகத்தில் கொடுத்து, கையெழுத்தும் முத்திரையும் பெற்றுக் கோப்பில் வையுங்கள். அரசுப் பணியில் ஓய்வு வயது 60. கடன் முடியும் தேதிக்குள் ஓய்வு பெறுகிறவரை ஜாமீனாக ஏற்காதீர்கள்.

மாதாமாதம் செய்வது: யாரிடம் எவ்வளவு பிடிக்க வேண்டும் என்று சொல்லும் கேட்புப் பட்டியலை அலுவலகம் வாரியாகச் சம்பளப் பில் போடுவதற்கு முன்பே சேர்த்துவிட வேண்டும். மாதத்தின் முதல் பத்து நாளுக்குள் போய்விட்டால் நல்லது. அசல், வட்டி, சிக்கன வைப்பு, பங்குத்தொகை என்று பிரித்துப் போடுங்கள். பணம் பெரும்பாலும் மொத்தமாகத்தான் வரும். வந்த அன்றே ஆள்வாரியாக ஒத்துப் பாருங்கள். மொத்தம் சரியாக இருந்தாலும், ஒருவருக்கு விட்டுப்போனதும் இன்னொருவருக்குக் கூடப் பிடித்ததும் சேர்ந்து கணக்கை நேராகக் காட்டிவிடும். பிப்ரவரிச் சம்பளத்தில் வருமான வரியின் கடைசிப் பிடித்தம் விழும்போது, கைக்கு வரும் தொகை குறைந்து சங்கப் பிடித்தத்தை நிறுத்திவிடுவதும் உண்டு. அந்த மாதப் பட்டியலை இருமுறை பாருங்கள்.

பணிமாறுதல்தான் பெரிய ஓட்டை. 2019 நவம்பரில் தென்காசி தனி மாவட்டமானது. அம்பாசமுத்திரத்திலிருந்து சங்கரன்கோவிலுக்குப் போகிற ஆசிரியர் இன்று மாவட்டமே மாறிப் போகிறார். மாறுதலாகும்போது பழைய அலுவலகம் தரும் எல்.பி.சி. எனும் முன் ஊதியச் சான்றில் சங்கக் கடனும் மாதத் தவணையும் குறிக்கப்படாவிட்டால், புதிய அலுவலகத்துக்குக் கடன் இருப்பதே தெரியாது. மாறுதல் ஆணை வந்ததும் பழைய அலுவலகத்துக்கு ஒரு கடிதம், புதிய அலுவலகத்துக்கு ஒப்புதல் நகலோடு இன்னொரு கடிதம் அனுப்புங்கள். பொது மாறுதல் கலந்தாய்வு முடிந்த வாரம் இதற்கென்றே ஒருவரை உட்கார வையுங்கள்.

தவணை தவறிவிட்டால் என்ன செய்வது? ஒரு கணக்கைப் பாருங்கள். நிலுவை அசல் 2,40,000 ரூபாய், வட்டி 12 சதவீதம், தவணை 7,000. மாத வட்டி 2,400 போக அசலுக்கு 4,600 போகும். மூன்று மாதம் விட்டு நான்காம் மாதம் பழைய 7,000-ஐயே பிடித்தால், சேர்ந்திருக்கும் வட்டி 9,600. பிடித்தது முழுவதும் வட்டிக்கே போய், மேலும் 2,600 நிற்கும். உறுப்பினர் கட்டியும் அந்த மாதம் அசல் அசையாது. தவணையை 9,500 ஆக்கினால், கூடுதலாக வரும் 2,500 ஒன்பது மாதத்தில் 22,500 ஆகும். விட்டுப்போன 21,000 அதில் அடைந்து, மிச்சம் 1,500 கூடுதல் வட்டிக்குப் போகும். இந்தக் கணக்கை உறுப்பினருக்கு எழுதிக் காட்டிக் கையெழுத்து வாங்குங்கள்.

எவ்வளவு வரை பிடிக்கலாம் என்பதற்கும் எல்லை உண்டு. 1936-ஆம் ஆண்டு ஊதியப் பட்டுவாடாச் சட்டம், கூட்டுறவுச் சங்கப் பிடித்தமும் சேர்ந்தால் 75 சதவீதம் வரை அனுமதித்தது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த 2019-ஆம் ஆண்டு ஊதியச் சட்டத் தொகுப்போ எல்லாப் பிடித்தமும் சேர்ந்து பாதிக்கு மேல் போகக்கூடாது என்கிறது. சட்டம் இடம் கொடுத்தாலும் கழுத்தை நெரிக்கும் அளவுக்குப் பிடிக்காதீர்கள். வீட்டுச் செலவுக்கு மிஞ்சாதவர் அடுத்து போய் நிற்பது கந்துவட்டிக்காரர் வாசலில். 2017 அக்டோபரில் நெல்லை கலெக்டர் அலுவலகத்தில் ஒரு குடும்பம் கந்துவட்டியால் தீக்குளித்து மாண்டதைக் கண்ட மாவட்டம் இது. அப்படிப் போனவரிடமிருந்து சங்கத்துக்கும் எதுவும் வராது.

கடன்காரர் சம்பளத்தில் வழியில்லை என்றால் ஜாமீன்தாரர். இந்திய ஒப்பந்தச் சட்டம் 128-ஆம் பிரிவுப்படி, ஒப்பந்தத்தில் வேறு விதமாகச் சொல்லாதவரை அவர் பொறுப்பும் கடன்காரர் பொறுப்பும் ஒரே அளவு. ஆனாலும் முன்னறிவிப்பில்லாமல் அவர் சம்பளத்தில் கை வைக்காதீர்கள். பதிவுத் தபாலில் நோட்டீஸ் கொடுத்துப் பதினைந்து நாள் அவகாசம் விடுங்கள். இன்னொன்று, தவணையையோ காலத்தையோ மாற்றி எழுதும்போது ஜாமீன்தாரரின் சம்மதமும் வேண்டும். அவரைக் கேளாமல் நிபந்தனையை மாற்றினால், அதன்பின் வரும் பொறுப்பிலிருந்து 133-ஆம் பிரிவு அவரை விடுவித்துவிடும். மேலே சொன்ன 9,500 கணக்கிலும் அவர் கையெழுத்து இருக்க வேண்டும்.

தற்காலிகப் பணிநீக்கத்தில் இருப்பவரின் பிழைப்பூதியத்தை ஜப்தி செய்ய முடியாது. அரசு ஓய்வூதியம், சேமநிதி, பணிக்கொடை ஆகியவற்றிலும் அப்படியே. அதனால் ஓய்வுக்கு இரண்டு ஆண்டு இருக்கும்போதே ஒவ்வொரு கடனையும் எடுத்து, மிச்ச மாதங்களுக்குள் தீரும்படி தவணையைத் திருத்துங்கள்.

சம்மதமும் இல்லை, பணமும் வரவில்லை என்றால் கூட்டுறவுச் சட்டம் 90-ஆம் பிரிவில் வழக்குப் போட வேண்டும். கடன்காரரோடு ஜாமீன்தாரர்களையும் எதிர்மனுதாரர்களாகச் சேர்க்க மறக்காதீர்கள். தீர்ப்பாணையைச் சிவில் கோர்ட் வழியே நிறைவேற்றினால் உரிமையியல் நடைமுறைச் சட்டம் 60-ஆம் பிரிவு குறுக்கே வரும். விலக்கு அறிவிக்கப்பட்ட படிகள் போக மீதிச் சம்பளம் 46,000 என்றால், முதல் 1,000-ஐயும் எஞ்சிய 45,000-இல் மூன்றில் இரண்டு பங்கையும் தொட முடியாது, 15,000-தான் கிடைக்கும். அதுவும் ஒரே தீர்ப்பாணைக்கு 24 மாதம் வரைதான். மொத்தம் 3,60,000-க்கு மேல் அந்தச் சம்பளத்திலிருந்து வராது. ஒப்புதல் கடிதத்துக்கு இந்த 24 மாத எல்லை இல்லை. கோர்ட்டுக்குப் போகுமுன் அந்தக் கடிதத்தை எப்படியாவது வாங்கப் பாருங்கள் என்று சொல்வது இதனால்தான்.

கடன் தீர்ந்த மாதமே பிடித்தத்தை நிறுத்தச் சொல்லிக் கடிதம் அனுப்புங்கள். கூடப் பிடித்தது இருந்தால் உடனே திருப்பிக் கொடுங்கள். ஜாமீன்தாரர் சம்பளத்தில் பிடித்திருந்தால், எந்தெந்த மாதம் எவ்வளவு என்று அவருக்குச் சான்று எழுதிக் கொடுங்கள். கடன்காரரிடமிருந்து அந்தப் பணத்தைக் கேட்டு வாங்க அவருக்கு உரிமை உண்டு. அதற்குக் கையில் ஆதாரம் வேண்டும்.