ஸஹர் முடியும் வேளையில் உண்பதும் பருகுவதும்: முதன்முறை நோன்பு பிடிப்பவர்களுக்கு

கையில் தண்ணீர் டம்ளர் இருக்கிறது, பள்ளிவாசலில் ஃபஜ்ர் பாங்கு, அதாவது வைகறைத் தொழுகைக்கான அழைப்பு, தொடங்கிவிட்டது. குடிக்கலாமா, வைத்துவிட வேண்டுமா? புதிதாக நோன்பு பிடிக்கிறவர்கள் அனைவரும் கேட்கும் கேள்வி இதுதான். நோன்பின் எல்லை எது என்பது விளங்கிவிட்டால் விடையும் எளிதாகிவிடும் என்பதால், முந்தைய இரவிலிருந்தே தொடங்குவோம்.

முதல் படி, நிய்யத். ரமலானின் கடமையான நோன்புக்கு ஃபஜ்ருக்கு முன்பே எண்ணம் கொண்டிருக்க வேண்டும் என்பது ஷாஃபிஈ உள்ளிட்ட பெரும்பாலான மத்ஹபுகளின் (சட்டப் பள்ளிகளின்) நிலைப்பாடு. ஹனஃபி மத்ஹபில், ஃபஜ்ருக்குப் பின் எதையும் உண்ணாமலும் பருகாமலும் இருந்தால், நண்பகலுக்கு முன்பு வரை அவகாசம் உண்டு. நிய்யத்தின் இடம் உள்ளம். நாளைய நோன்புக்காகத்தான் எழுந்து சாப்பிடுகிறோம் என்ற உணர்வோடு ஸஹர் எனும் பின்னிரவு உணவில் கை வைக்கிறவரிடம் நிய்யத் ஏற்கெனவே இருக்கிறது. வாசகம் மனப்பாடமாக இல்லையே என்று கலங்க வேண்டியதில்லை.

இரண்டாம் படி, எல்லையை அறிந்துகொள்வது. “வைகறையின் வெள்ளை நூல் கறுப்பு நூலிலிருந்து உங்களுக்குத் தெளிவாகும்வரை உண்ணுங்கள், பருகுங்கள்” என்ற கருத்தில் குர்ஆனின் 2:187 வசனம் அமைந்துள்ளது. இதைக் கேட்ட நபித்தோழர் அதீ பின் ஹாத்திம் (ரலி) அவர்கள் கறுப்புக் கயிறு ஒன்றையும் வெள்ளைக் கயிறு ஒன்றையும் தலையணைக்கடியில் வைத்துக்கொண்டு இரவில் பார்த்துப் பார்த்து, வேறுபாடு தெரியாமல், காலையில் நபி (ஸல்) அவர்களிடம் சென்று சொன்னார்கள். அது இரவின் இருளையும் பகலின் வெளிச்சத்தையும் குறிக்கிறது என்று நபியவர்கள் விளக்கினார்கள். முதலில் செங்குத்தாக எழுந்து மங்கிவிடும் ஒளி பொய் வைகறை. அதன்பின் கீழ்வானத்தில் குறுக்காகப் பரவி, மேலும் மேலும் வெளுத்துக்கொண்டே போவதுதான் மெய் வைகறை. நோன்பு தொடங்குவது இந்த இரண்டாவது ஒளியில்தான். அதாவது, எல்லை வைகறையே. பாங்கு அதன் அறிவிப்பு.

நபியவர்கள் காலத்திலேயே இது தெளிவாக இருந்தது. பிலால் (ரலி) இரவு இருக்கும்போதே பாங்கு சொல்வார், இப்னு உம்மி மக்தூம் (ரலி) பாங்கு சொல்லும்வரை உண்ணுங்கள், பருகுங்கள் என்று நபியவர்கள் கூறினார்கள். இப்னு உம்மி மக்தூம் பார்வையற்றவர்; காலையாகிவிட்டது என்று மற்றவர்கள் அவரிடம் சொன்ன பிறகே பாங்கு சொல்வார்.

இன்று நாம் வானத்தைப் பார்ப்பதில்லை, அட்டவணையைப் பார்க்கிறோம். ஆகவே உங்கள் ஊருக்குரிய அட்டவணைதானா என்பதை ரமலானுக்கு முன்பே சரிபாருங்கள். சென்னைக்கும் கோவைக்கும் இடையே வைகறையில் சுமார் 10 முதல் 15 நிமிட வேறுபாடு உண்டு. கிழக்கே இருக்கும் சென்னையில் முந்தி வெளுத்துவிடும். கோவை அட்டவணையை வைத்துக்கொண்டு சென்னையில் சாப்பிடுகிறவர், நோன்பு நேரத்துக்குள் சாப்பிட்டுக்கொண்டிருப்பார். சில அட்டவணைகளில் ‘இம்சாக்’ என்று ஃபஜ்ருக்குச் சில நிமிடங்கள் முன்பாக ஒரு நேரம் போட்டிருக்கும். அது பேணுதலுக்காக வைத்தது. அந்த நேரத்திலிருந்து உண்பது ஹராமாகிவிடும் (தடையாகிவிடும்) என்று எண்ண வேண்டாம்.

மூன்றாம் படி, ஸஹரைப் பிற்படுத்துவது. நள்ளிரவிலேயே சாப்பிட்டுவிட்டுப் படுப்பதைவிட, இரவின் கடைசிப் பகுதியில் உண்பதே சுன்னத் (நபிவழி). நபியவர்களின் ஸஹருக்கும் பாங்குக்கும் இடையே 50 வசனங்கள் ஓதும் நேரம் இருந்ததாக ஸைத் பின் ஸாபித் (ரலி) அறிவிக்கிறார்கள். அந்த இடைவெளியை நீங்களும் வைத்துக்கொள்ளுங்கள். மாத்திரை போடுவது, பல் துலக்குவது, கடைசியாகத் தண்ணீர் குடிப்பது ஆகிய மூன்றும் அதற்குள் அடங்கிவிடும். பாங்கு நேரப் பதற்றத்தில் பெரும்பகுதி அப்போதே தீர்ந்துவிடும்.

நான்காம் படி, வைகறை வந்துவிட்டது உறுதியான அந்தக் கணம். வாயில் கவளம் இருந்தால் துப்பிவிடுங்கள், நோன்பு நிறைவேறும். அறிந்துகொண்டே விழுங்கினால் நோன்பு முறிந்துவிடும். இமாம் நவவீ அவர்கள் இதைத் தெளிவாகக் கூறியுள்ளார்கள். பாங்கோசை கேட்கும்போது கையில் பாத்திரம் இருந்தால் தேவையை முடிக்கும்வரை அதைக் கீழே வைக்க வேண்டாம் என்ற கருத்தில் அபூதாவூத் எனும் நபிமொழித் தொகுப்பில் ஒரு ஹதீஸ் உள்ளது. அதை வெளிப்படையான பொருளிலேயே எடுத்த அறிஞர்களும் உண்டு. ஷைக் அல்பானீ அவர்களில் ஒருவர். வைகறைக்கு முன் சொல்லப்படும் பாங்கையே அது குறிக்கும் என்று இமாம் பைஹகீ விளக்குகிறார்கள், பெரும்பான்மையினரின் சட்டமும் அதற்கு ஒத்ததே. பாங்கு நேரத்துக்குச் சொல்லப்படும் ஊரில் டம்ளரை வைத்துவிடுவதையே நான் கற்றுக்கொடுக்கிறேன். ஒரு மிடறு தண்ணீருக்காக ஒரு நாள் நோன்பைச் சந்தேகத்தில் விட மனம் வரவில்லை.

பல்லிடுக்கில் சோற்றுப் பருக்கை தங்கியிருந்தால், நாக்குக்கு வந்தவுடன் துப்பிவிட வேண்டும். தானாக எச்சிலோடு இறங்கிவிட்டால் குற்றமில்லை. கொண்டைக்கடலை அளவைவிடச் சிறியது நோன்பை முறிக்காது என்று ஹனஃபி நூல்கள் சலுகை தருகின்றன. தாம்பத்திய உறவு போன்றவற்றால் குளிப்புக் கடமையான நிலையில் வைகறையை அடைந்தவரின் நோன்பு செல்லும். குளித்துவிட்டு ஃபஜ்ரைத் தொழ வேண்டும்.

இன்னும் இரவுதான் என்று நம்பிச் சாப்பிட்டு, வைகறை முன்பே வந்துவிட்டது பிறகு தெரியவந்தால் என்ன செய்வது? பாவம் இல்லை. இப்னு தைமிய்யா அவர்களின் கருத்துப்படி அந்த நோன்பே போதுமானது. நான்கு மத்ஹபுகளின் சட்டப்படி, அன்று மாலைவரை நோன்பாளியைப் போலவே எதையும் உண்ணாமல் இருந்துவிட்டு, ரமலானுக்குப் பிறகு ஒரு நோன்பைக் களாச் செய்ய (ஈடாக நோற்க) வேண்டும். கஃப்பாரா எனும் பரிகாரம் கிடையாது. தேதியைக் குறித்து வைத்துக்கொண்டு, அடுத்த ரமலான் வருவதற்குள் அதை நிறைவேற்றிவிடுங்கள்.