கிராபிக்ஸ் கார்டு வாங்கும் முன் ரெசல்யூஷனை இறக்கிப் பாருங்கள்

புது கேம் திணறுகிறதா? கேம் அமைப்புகளில் வி-சிங்க் (ஃபிரேம் வேகத்தைத் திரையோடு ஒத்திசைப்பது), எஃப்.பி.எஸ் (நொடிக்கு எத்தனை ஃபிரேம், அதாவது படம்) வரம்பு, அப்ஸ்கேலிங் (சிறிதாக வரைந்து பெரிதாக்கிக் காட்டுவது) மூன்றையும் அணைத்துவிட்டு, ரெசல்யூஷனை (படத்தின் பிக்சல் அளவு) 1920×1080-இலிருந்து 1280×720-க்குக் குறைத்து, கேமில் அதே இடத்தில் மறுபடி ஓட்டிப் பாருங்கள். எஃப்.பி.எஸ் நன்றாக ஏறினால் கார்டுதான் தடை. 45 இருந்தது 47-ஐத் தாண்டவில்லை என்றால், எவ்வளவு பெரிய கார்டு போட்டாலும் பணம் வீண். சிக்கல் பிராசஸரிலோ ராமிலோ இருக்கிறது.

காரணம் எளிது. 1080-இல் ஒரு ஃபிரேமுக்குச் சுமார் 20.7 லட்சம் பிக்சல்கள், 720-இல் 9.2 லட்சம்தான். கார்டின் சுமை பாதிக்கும் கீழே போகிறது. எதிரிகளின் நடமாட்டம், இயற்பியல் கணக்கு என்று பிராசஸர் செய்யும் வேலையோ அப்படியே இருக்கும். பிராசஸரைக் குறை சொல்லும் முன், ராம் ஒற்றைக் குச்சியாக இருக்கிறதா என்றும் பாருங்கள். அதே வகையில் இன்னொன்று சேர்த்து, மதர்போர்டு கையேடு சொல்லும் ஸ்லாட்டுகளில் மாட்டினாலே பல கேம்கள் தேறிவிடும்.

கார்டின் மெமரி நிரம்பி வழியும்போது இந்தச் சோதனை ஏமாற்றும். டெக்ஸ்சர் (பொருள்களின் மேற்பரப்புப் படங்கள்) தரத்தையும் ஒரு படி இறக்கிவிட்டு மறுபடி பாருங்கள். கேம் ஹார்ட் டிஸ்க்கில் இருந்து, புது இடத்துக்குள் நுழையும்போது மட்டும் படம் உறைந்தால், அது பெரும்பாலும் ஹார்ட் டிஸ்க்கின் வேலை. அதைவிட வேகமான சேமிப்பகமான எஸ்.எஸ்.டி-க்கு கேமை மாற்றுங்கள்.