பழைய கணினிக்குக் கோப்புகளைக் கொண்டுசெல்லும் முன்

பழைய கணினியில் ஒரு மென்பொருள் நிறுவப்படாமல் போனால், குறையை மென்பொருளிலேயே தேடுவதுதான் வழக்கம். அதைச் சுமந்துவந்த பென் டிரைவ் எந்தக் கோப்பு முறைமையில் (கோப்புகளை அடுக்கிவைக்கும் ஒழுங்குமுறை) ஃபார்மேட் செய்யப்பட்டது என்பதைப் பலரும் கவனிப்பதில்லை. அந்த முறைமையை, அதைப் படிக்கப்போகும் கணினிகளுள் மிகப் பழையதற்கு ஏற்பவே தேர்ந்தெடுக்க வேண்டும்.

மைக்ரோசாப்டின் பழைய இயங்குதளமான எம்எஸ்-டாஸ் 6.22 பயன்படுத்துவோர், ஃபேட்16 என்ற கோப்பு முறைமையில் அமைந்த, 2 ஜிபிக்கு மிகாத பகிர்வையே (வட்டில் தனியாகப் பிரித்த பகுதி) நாட வேண்டும். அதன் அடுத்த வடிவமான ஃபேட்32, 1996இல் விண்டோஸ் 95இன் திருத்தப்பட்ட வெளியீட்டுடன்தான் வந்தது. ஆகவே 95இன் முதல் வெளியீடு அதைப் படிக்காது. விண்டோஸ் 98 ஃபேட்32ஐப் படிக்கும், என்டிஎஃப்எஸ் என்ற மற்றொரு முறைமையைப் படிக்காது. மேலும், பென் டிரைவுக்கெனத் தனி டிரைவரையும் (சாதனத்தை இயக்கும் மென்பொருள்) அது கேட்கும் என்பதால், அத்தகைய கணினிக்குச் சிடியில் எழுதிக் கொடுப்பதே என் கணிப்பில் எளிது. விண்டோஸ் எக்ஸ்பி, ஃபேட்32, என்டிஎஃப்எஸ் ஆகிய இரண்டையும் படிக்கும். எக்ஸ்ஃபேட் என்ற புதிய முறைமைக்கு மட்டும் தனிப் புதுப்பிப்பு தேவை.

எனவே 98 முதல் இன்றைய கணினி வரை பொதுவாகச் செல்லுபடியாவது ஃபேட்32தான். ஃபார்மேட் செய்தால் உள்ளிருப்பவை அழியும் என்பதால் முதலில் நகலெடுத்துக்கொள்ளுங்கள். எக்ஸ்பியின் ஃபார்மேட் கருவி 32 ஜிபிக்கு மேற்பட்ட ஃபேட்32 பகிர்வை உருவாக்காது; சிறிய பகிர்வாக அமைத்துக்கொள்ளலாம்.

ஃபேட்32இல் கோப்பின் அளவைக் குறிக்க 32 பிட்டுகளே உள்ளன. அதனால் 4 ஜிபியை எட்டும் கோப்பை, எவ்வளவு இடம் காலியாக இருந்தாலும், அதில் எழுத முடியாது. வட்டு நிரம்பிவிட்டது என்ற பிழைச்செய்திகூட வரக்கூடும், அதை நம்பிக் கோப்புகளை அழிக்க வேண்டாம். பெரிய கோப்பைத் துண்டுகளாகப் பிரித்து எடுத்துச் சென்று, எக்ஸ்பி கணினியின் என்டிஎஃப்எஸ் பகிர்வில் ஒன்றுசேர்க்கலாம்.

பெயர்களிலும் கவனம் தேவை. டாஸில் எட்டு எழுத்தும், புள்ளிக்குப் பின் மூன்றெழுத்து நீட்சியும் மட்டுமே செல்லும். தமிழில் பெயரிட்ட கோப்பு விண்டோஸ் 98இல் அடிக்கோடுகளாகத் தெரிவதோடு திறக்கவும் மறுக்கும் என்பதால், நகலெடுக்கும் முன்பே ஆங்கில எழுத்துகளில் சுருக்கமாகப் பெயர் மாற்றிவிடுங்கள்.

உள்ளே பொருத்தும் ஐடிஇ (பழைய இணைப்பு வகை) வன்தட்டுக்கு வேறொரு வரம்பு உண்டு. தட்டிலுள்ள இடங்களைக் குறிக்கும் 28 பிட் முகவரியால் 137 ஜிபி வரைதான் எட்ட முடியும். அதைவிடப் பெரிய தட்டை, சர்வீஸ் பேக் 1 என்ற புதுப்பிப்புத் தொகுப்பு நிறுவப்படாத எக்ஸ்பியில் இணைத்தால் தரவே சிதையலாம். அதை நிறுவிய பிறகு, பயாஸும் (கணினியைத் தொடக்கும் அடிப்படை நிரல்) முழு அளவைக் காட்டுகிறதா என்று பார்த்தே பயன்படுத்துங்கள்.