இசிஇ படித்தவர் பேடன்ட் ஏஜென்ட் ஆவது எப்படி? (நான் வழுக்கி விழுந்த இடத்தோடு சேர்த்து)

மூன்று வருடம் சிப் டெஸ்டிங் வேலை பார்த்துவிட்டு காப்புரிமைப் பக்கம் வந்தவன் நான். பேடன்ட் ஏஜென்ட் (பிறருக்காகக் காப்புரிமை விண்ணப்பம் எழுதித் தாக்கல் செய்பவர்) ஆவதற்கான தேர்வை இரண்டாவது முறைதான் தாண்டினேன். காப்புரிமை என்றால் என்ன, டிரான்சிஸ்டர் என்றால் என்ன என்றெல்லாம் இங்கே சொல்லப்போவதில்லை. அது தெரிந்துதான் இங்கே வந்திருப்பீர்கள்.

படி 1: தகுதி

காப்புரிமைச் சட்டம் 1970, பிரிவு 126. இந்தியக் குடியுரிமை, 21 வயது, அறிவியலிலோ பொறியியலிலோ ஒரு பட்டம். அவ்வளவுதான். "வக்கீலுக்குப் படிக்காம எப்படிடா?" என்று வீட்டில் ஒரு மாதம் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். தேவையில்லை.

படி 2: முதல் தாள்

சட்டமும் விதிகளும் 100 மதிப்பெண், காப்புரிமை ஆவணம் எழுதும் இரண்டாம் தாள் 100, நேர்முகம் 50. எழுத்துத் தாள் ஒவ்வொன்றிலும் 50 வாங்கியே ஆக வேண்டும். மொத்தத்தில் 60 சதவீதம், அதாவது 250க்கு 150. கோச்சிங் நோட்ஸை விட பேர் ஆக்டைத்தான் (விளக்கவுரை இல்லாத சட்ட மூலம்) நான் நம்புவேன். அதிலும் விதிகள் புதிய பதிப்பாக இருக்கட்டும். பரிசீலனை கோருவதற்கான கெடு 48 மாதம் என்றுதான் பழைய நோட்ஸில் இருக்கும். 2024 மார்ச் 15 முதல் தாக்கலாகும் விண்ணப்பங்களுக்கு அது 31 மாதம்.

படி 3: இரண்டாம் தாள், கிளெய்ம் எழுதுவது (நான் விழுந்த இடம்)

கிளெய்ம் என்பது எதற்கு உரிமை கேட்கிறோம் என்று வரையறுக்கும் வாக்கியம். பயிற்சிக்கு எடுத்துக்கொண்ட கணக்கு இது: மோட்டார் ஓடும் ஒரு கருவியில் பேட்டரி இறங்கினால் எச்சரிக்கும் சர்க்யூட். முதல் கிளெய்மை நான் இப்படி எழுதினேன்: "9 வோல்ட் பேட்டரி, 10 கிலோஓம் ரெசிஸ்டர், எல்எம்358 ஐசி, சிவப்பு எல்இடி ஆகியவை கொண்ட ஒரு சர்க்யூட்."

சுத்தமான ரெக்கார்ட் நோட். லேபில் வேல்யூ போடாவிட்டால் மார்க் போகும். இங்கே போட்டால் போகும். எதிராளி பச்சை எல்இடி மாட்டினாலே தப்பித்துவிடுவான்.

சரி என்று எல்லாவற்றையும் உருவிவிட்டு, "பேட்டரி வோல்டேஜை ஒரு ரெஃபரன்ஸ் வோல்டேஜோடு ஒப்பிடும் கம்பேரட்டர், அது குறைந்தால் எச்சரிக்கும் இண்டிகேட்டர்" என்று எழுதினேன். அது இன்னும் மோசம். அப்படிப்பட்ட சர்க்யூட் பல வருடமாகவே இருக்கிறது, புதுமை இல்லை என்று முதல் பரிசீலனை அறிக்கையிலேயே அடிபடும்.

மூன்றாவது முறை எழுத உட்கார்ந்தபோதுதான் அந்தப் பயிற்சிக் கேள்வியையே ஒழுங்காகப் படித்தேன். மோட்டார் கரன்ட் இழுக்கும் அந்த நேரத்தில் மட்டும் வோல்டேஜை அளக்கிறார்கள். புதுசு அதுதான். அதை முதல் கிளெய்மில் வைத்து, 10 கிலோஓமையும் எல்இடியையும் அதைச் சார்ந்த கிளெய்ம்களுக்கு இறக்க வேண்டும். இந்தத் தாளில் சர்க்யூட் அறிவை விட, எதை விடுவது, எதைப் பிடித்துக்கொள்வது என்பதுதான் மார்க் வாங்கும்.

ஒரு வார்த்தைக்கு எவ்வளவு கனம் என்று சந்தேகம் இருந்தால் கில்பி, நாய்ஸ் வழக்கைத் தேடிப் படியுங்கள். ஐசிக்கு ஜாக் கில்பி 1959 பிப்ரவரியில் விண்ணப்பித்தார், ராபர்ட் நாய்ஸ் அதே வருடம் ஜூலையில். முந்தியவர் கில்பி. ஆனால் அவருடைய படத்தில் தங்கக் கம்பிகள் அந்தரத்தில் வளைந்து போகும். ஆக்சைடு (சிப்பின் மேல் இருக்கும் மின்காப்புப் படலம்) மேல் தங்கத்தை "இடலாம்" என்று மட்டும் ஒரு வரி எழுதியிருந்தார். நாய்ஸோ உலோகக் கோடுகள் ஆக்சைடோடு "ஒட்டியிருக்கும்" என்று எழுதினார். இடுவது என்றால் ஒட்டுவது என்று ஆகாது என்று 1969இல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் நாய்ஸ் பக்கம் தீர்ப்புச் சொன்னது.

படி 4: தேடல்

முதல் பார்வைக்கு கூகுள் பேடன்ட்ஸ். ஒரே கண்டுபிடிப்பு எந்தெந்த நாட்டில் தாக்கலாகியிருக்கிறது என்று பார்க்க ஐரோப்பியக் காப்புரிமை அலுவலகத்தின் எஸ்பாஸ்நெட் தளம். இந்திய விண்ணப்பங்களுக்கு நம் காப்புரிமை அலுவலகத்தின் இன்பாஸ் தளம். பொறுமை வேண்டும், ஆனால் அதைத் தவிர்க்க முடியாது. காசு கட்டும் மென்பொருள் ஆரம்பத்தில் வேண்டவே வேண்டாம்.

(பின்சேர்க்கை: காப்புரிமைகளைத் துறைவாரியாகப் பிரிக்கும் சர்வதேசக் குறியீட்டில் ஹெச்01எல் வகுப்பில் தேடினால் புது டிரான்சிஸ்டர் காப்புரிமைகள் சிக்கவில்லை என்று ஒருவர் எழுதியிருந்தார். 2025இல் அவற்றை ஹெச்10டி என்ற புது வகுப்புக்கு மாற்றிவிட்டார்கள். இரண்டிலும் தேடுங்கள்.)

படி 5: விஎல்எஸ்ஐ (சிப் வடிவமைப்பு) ஆட்கள் கவனிக்க

சிப்பின் லேஅவுட்டுக்கு இங்கே காப்புரிமை கிடையாது, பிரிவு 3(ஓ). அதற்கு 2000ஆம் ஆண்டின் தனிச் சட்டம் இருக்கிறது, பாதுகாப்பு 10 வருடம். நேர்முகத்தில் என்னிடம் கேட்ட முதல் கேள்வியே இதுதான்.

அப்புறம், சட்டம் படிக்கலாமா?

பேடன்ட் அட்டர்னி என்று விசிட்டிங் கார்டில் போடுகிறார்கள். நம் சட்டத்தில் இருப்பது பேடன்ட் ஏஜென்ட் என்ற பெயர்தான். சென்னை கிண்டியில் உள்ள காப்புரிமை அலுவலகத்தில் கன்ட்ரோலர் (விண்ணப்பத்தில் முடிவெடுக்கும் அதிகாரி) முன்னால் வாதாட அது போதும். ஆனால் 2021இல் அறிவுசார் சொத்து மேல்முறையீட்டு வாரியத்தைக் கலைத்த பிறகு, மேல்முறையீடு உயர் நீதிமன்றத்துக்குப் போகிறது. அங்கே நிற்க வக்கீலாக இருக்க வேண்டும். நான் இன்னும் சேரவில்லை, யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

பாஸானதும் படிவம் 22 கொடுத்துப் பதிவு செய்யுங்கள். ரிசல்ட் வந்த அன்றே மெயில் கையெழுத்தில் ஏஜென்ட் என்று போட்டுக்கொண்டேன். சீனியர் ஒருவர் பார்த்துவிட்டு உடனே எடுக்கச் சொன்னார். பதிவேட்டில் பெயர் ஏறும்வரை அப்படிப் போட்டுக்கொள்வதைப் பிரிவு 129 தடுக்கிறது.