லண்டனில் ஒளிந்திருக்கும் ஊற்றுக் குளியல் தொட்டி

லண்டனில் டெம்பிள் சுரங்க ரயில் நிலையத்தில் இறங்கினால், ஸ்ட்ராண்ட் லேன் என்ற ஒடுங்கிய சந்து நடை தூரம்தான். அங்கே 'ரோமன் பாத்' என்று ஒரு பழைய குளியல் தொட்டி இருக்கிறது. பெயரை நம்பிவிடாதீர்கள், ரோமானியர்களுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. 1612 வாக்கில் சாமர்செட் ஹவுஸ் அரண்மனை நீரூற்றுக்குத் தண்ணீர் தேக்கக் கட்டிய தொட்டி, 18ஆம் நூற்றாண்டில் குளிர்நீர்க் குளியலுக்கு மாறியது. 'ரோமன்' பட்டம் அதற்கும் பிறகு வந்த விளம்பர வேலை.

சர்ரே தெருவில் உள்ள வளைவு வழியாகவும் போகலாம். அந்தக் கதவு பூட்டியிருந்தால் திரும்பிவிடாமல் டெம்பிள் பிளேஸ் பக்கமாகச் சுற்றி வாருங்கள். பகல் வெளிச்சத்தில் போவது நல்லது.

பெரும்பாலும் ஜன்னல் வழியாகத்தான் பார்க்க முடியும். கண்ணாடியில் உங்கள் முகம்தான் முதலில் தெரியும். இரு கைகளையும் கண்ணோரம் குவித்து எட்டிப் பாருங்கள். செங்கல் தொட்டியும் அதில் நிற்கும் நீரும் மெல்லப் புலப்படும். படம் எடுக்க ஃபிளாஷ் வேண்டாம், கேமராவைக் கண்ணாடியோடு ஒட்டி வையுங்கள். உள்ளே போக விரும்பினால் முன்பதிவு அவசியம். துண்டு கொண்டுபோகாதீர்கள், குளிக்க விடமாட்டார்கள்!